ஒன்றாகச் சாகாத பிரதிகள்

2017 ஜூன் 27ஆம் தேதி கோபன்ஹேகனில், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கணினித் திரைகள் வரிசையாகக் கறுத்துப்போயின. உலகக் கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. நாட்பெட்யா என்று பின்னர் பெயர் பெற்ற அழிப்பு நிரல், உக்ரைனில் வரிக்கணக்கு போடப் பலரும் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. மெர்ஸ்க்கின் ஒடெசா அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருந்தது. அந்த ஒன்றே போதுமானதாகிவிட்டது.

நிறுவனம் பேக்கப் எடுக்காமல் இருக்கவில்லை. பெரும்பாலான சர்வர்களுக்கு மூன்று முதல் ஏழு நாள் பழைய பிரதிகள் கிடைத்தன. எந்த ஊழியர் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்களின் தகவல் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் மற்ற எதையும் எழுப்ப முடியாது. உலகெங்கும் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் ஓடின. ஒவ்வொன்றும் மற்றவற்றோடு இடைவிடாமல் தகவலைப் பகிர்ந்துகொண்டிருந்தது. ஒன்று போனால் மற்றவை இருக்கின்றன என்பதுதான் ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போகக்கூடும் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியில் கானாவில் ஒன்று அகப்பட்டது. தாக்குதலுக்கு முன்பே அங்கே கரண்ட் போய், அந்த சர்வர் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. சில நூறு ஜிபி தகவலை இங்கிலாந்துக்கு அனுப்ப கானா அலுவலகத்தின் இணைய வேகம் போதவில்லை. அங்கிருந்த ஊழியர் யாரிடமும் பிரிட்டிஷ் விசாவும் இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவியதாக நிறுவனத் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸ் மேடையில் சொன்னார். மின்வெட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இப்படி ஒரு வாய்ப்பு வாய்ப்பது அபூர்வம்.

150 பிரதிகள் இருந்தும் அவை ஒரே பிரதிக்குச் சமமாக இருந்தன என்பதே இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. ஒன்றைக் கொல்வது எதுவோ அதுவே அனைத்தையும் கொல்லும்படி அவை பிணைந்திருந்தன. வீட்டுக் கணினிக்கும், நாலு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவுக்கும் இதே கணக்குதான். எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், எந்த ஒரே நிகழ்வு இந்தப் பிரதிகள் எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் இதற்கு விடை சொல்ல ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

எல்லாருக்கும் தெரிந்த எதிரியிலிருந்து தொடங்கலாம்: டிஸ்க் போய்விடுவது. ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், அதைத் தொடாமல் படிக்கும் தலை மிதக்கிறது. தூசு, அதிர்ச்சி, எழுதிக்கொண்டிருக்கும்போது அறுபடும் மின்சாரம் என எதுவும் அதற்கு ஆகாது. தயாரிப்பாளர்கள் பத்து லட்சம் மணி நேரம் உழைக்கும் என்று தாளில் எழுதுவார்கள். அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காடு டிஸ்க்குகள்தான் சாக வேண்டும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு மாற்றப்படுவது சாதாரணம், சில இடங்களில் அது 13 விழுக்காடு வரை போகிறது என்று தெரிந்தது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் புள்ளிவிவரத்தை வெளிப்படையாகப் போடுகிறது: 2023இல் 1.40 விழுக்காடு, 2024இல் 1.57. அங்கே குளிரூட்டிய அறை, தடையில்லா மின்சாரம். நம் கடையின் மேசைக்கடியில் இருக்கும் சிபியுவுக்கு அந்தச் சொகுசு கிடையாது.

டிஸ்க் சாகுமுன் அறிகுறி காட்டும், சத்தம் வரும், மெதுவாகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதே 2007இல் கூகுள் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து சொன்னது வேறு. டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் கண்காணிப்பு அளவீடுகளில் மிக முக்கியமான நான்கை எடுத்துக்கொண்டால், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 விழுக்காடு, அந்த நான்கில் ஒன்றில்கூட எச்சரிக்கை காட்டவில்லை. மறுபுறம், ஸ்கேன் பிழை ஒன்றே ஒன்று தோன்றினாலும் அடுத்த 60 நாளில் அந்த டிஸ்க் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆக, எச்சரிக்கை வந்தால் அதை நம்பி உடனே பிரதி எடுக்க வேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சின்ன கணக்கு. ஆண்டுக்கு 1.5 விழுக்காடு என்று வைத்தால் ஒரு டிஸ்க் ஐந்து ஆண்டுக்குள் சாகும் வாய்ப்பு சுமார் 7 விழுக்காடு. பதினான்கு பேரில் ஒருவருக்கு நடக்கும். சின்ன எண் இல்லை. இரண்டு டிஸ்க்குகள் ஒரே ஆண்டில் சாகும் வாய்ப்போ 4,400இல் ஒன்று. ஒரு டிஸ்க்கை மேலும் வாங்கிய மாத்திரத்தில் ஆபத்து இவ்வளவு கரைந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது: ஒன்று சாவதற்கும் மற்றது சாவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரே மேசை, ஒரே யுபிஎஸ், ஒரே யுஎஸ்பி வயர் என்று ஆனவுடன் அந்த 4,400 பொய்யாகிவிடும். இடி விழுந்து மின்னழுத்தம் எகிறும்போது அது கணக்குப் பார்த்து ஒரு டிஸ்க்கை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை.

எஸ்எஸ்டிக்கும் பென் டிரைவுக்கும் சுழலும் தட்டு இல்லை. அவற்றின் பலவீனம் வேறு. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைவைத்துத்தான் அவை எழுதுகின்றன. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு, இத்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது இவ்வளவுதான்: எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்தபின், மின்சாரம் இல்லாமல், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி இதைவிட வெகுகாலம் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணை வைத்து இணையத்தில் தேவையில்லாத பீதி கிளப்பப்படுகிறது. ஆனாலும் மதுரையில் மே மாதம் பூட்டிக்கிடக்கும் அறையில் 30 டிகிரி என்பது குளிர். தேய்ந்துபோன எஸ்எஸ்டியை பீரோவில் போட்டுவிட்டு ஐந்து ஆண்டு கழித்துத் திறந்து பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பென் டிரைவ் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தகவலைக் கொண்டுபோகும் வண்டி. அதைக் கிடங்காக நடத்துவது தப்பு.

கொஞ்சம் விவரம் தெரிந்த சிறுதொழில்காரர்கள் அடுத்த படிக்குப் போகிறார்கள். இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி ஒன்றை, அதாவது வலையில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியை வாங்கி, ஒன்றில் எழுதுவது தானாகவே மற்றதிலும் எழுதும்படி வைக்கிறார்கள். இதுதான் ரெய்டு, 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் பெயர் பெற்றது. (மேலே சொன்ன கிப்சன்தான் இவரும்.) மலிவான பல டிஸ்க்குகளைக் கோத்து விலையுயர்ந்த ஒன்றுக்கு மாற்றாக்குவது அவர்கள் நோக்கம். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, கடை திறந்திருக்கும். மிக நல்ல விஷயம். ஆனால் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் நுழைந்தால் இரண்டிலும் நுழையும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் அவன் கையில். விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற பணயத் தாக்குதல் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளையே குறிவைத்து, உள்ளே இருந்த கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை வைத்திருந்தவர்கள் ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது எல்லாம் துடைக்கப்பட்டிருந்தது. யாரோ இணையம் வழியாக அவற்றை ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு அப்டேட் வருவது 2015லேயே நின்றிருந்தது. பேக்கப்புக்கென்றே வாங்கிய பெட்டி எந்நேரமும் இணையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்த வினை.

கிளவுடில் இருக்கிறதே என்பது அடுத்த நம்பிக்கை. இங்கே இரண்டு வேலைகள் ஒன்றாகக் குழம்பிக்கிடக்கின்றன. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மூன்றும் அடிப்படையில் செய்வது சிங்க்: இங்கே மாறியது அங்கேயும் மாறும், இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். போனில் இடம் போதவில்லை என்று ஆல்பத்தைக் காலிசெய்தவர்கள், கிளவுடிலும் அது காலியானதை மாதங்கள் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள். அதற்குப் பிறகு தேடிப் பயனில்லை. மார்ச் கணக்கில் யாரோ மாற்றி எழுதிவிட்ட ஒரு எண் ஜூலையில் ஆடிட்டர் கண்ணில் பட்டால் எந்தத் தொட்டியிலும் பழையது இருக்காது. பல கடைகளில் தினமும் மாலை ஒரே ஃபோல்டரில், நேற்றையதன்மேலேயே டாலி கணக்கு மென்பொருளின் இன்றைய பேக்கப்பை எழுதுகிறார்கள். தினம் எடுக்கிறோம் என்ற திருப்தி அவர்களுக்கு. கையில் இருப்பதோ எப்போதும் ஒரு நாள் வயதுள்ள ஒரே பிரதி. பிழை இரண்டு நாள் பழையதாக இருந்தால் அது பேக்கப்புக்குள்ளும் போய்விட்டது. பிரதிகளை இடத்தால் பிரிப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். காலத்தால் பிரிப்பதும் அதே அளவு தேவை.

கிளவுட் நிறுவனங்களே இதை நன்றாக அறிந்தவை. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் மென்பொருளில் புகுந்த ஒரு பிழையால், பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்பெட்டி காலியாகத் தெரிந்தது. பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகள் வைத்திருந்தும் பிழை அவை அனைத்தையும் தொட்டுவிட்டது. கூகுள் கடைசியில் காந்த டேப்பிலிருந்து அஞ்சல்களை மீட்டது. டேப் எந்த வலையிலும் இல்லாமல் சும்மா கிடந்ததால் பிழை அதை எட்டவில்லை.

இன்னொரு ஆபத்து, கிளவுட் கணக்கே கைவிட்டுப் போவது. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்க 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் விதி இடம் தருகிறது. பாஸ்வேர்டு மறந்து, மீட்கக் கொடுத்த போன் நம்பரும் மாறிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த மொபைல் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கிளவுடை வேண்டாம் என்று தள்ளுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. வீட்டுக்கு வெளியே, இன்னொரு ஊரில், மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு பிரதி வைக்க இதைவிட எளிய வழி கிடையாது. அது ஒரு பிரதி, அவ்வளவே.

இடத்தின் விஷயத்துக்கு வருவோம். 2021 மார்ச் 10 அன்று அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் எரிந்தது. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. பேக்கப் சேவைக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்து அதே நெருப்பில் போனது. அவர் தொடுத்த வழக்கில் லில் வணிக நீதிமன்றம் 2023இல் இழப்பீடு தரச் சொன்னது. தீர்ப்பு வந்தது, தகவல் வரவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 26 அன்று, தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைத் தங்கள் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவ் என்ற பொதுச் சேமிப்பில் வைக்கும்படி சொல்லப்பட்டிருந்தார்கள். அதிலிருந்த 858 டெராபைட்டும் அழிந்தது. வெளியே பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது என்பதே சொல்லப்பட்ட காரணம். பெரிதாக இருப்பதால் பிரதி எடுக்கவில்லை என்ற வாதத்தை எந்த ஸ்டூடியோக்காரரிடமும் கேட்கலாம். உலகின் மிக முன்னேறிய மின்னாளுகை நாடுகளில் ஒன்றும் அதையே சொன்னது என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்கலாம்.

நமக்கு நெருப்பைவிட வெள்ளம் பக்கம். 2015 டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்றங்கரையில் ஈக்காட்டுத்தாங்கல் போன்ற இடங்களிலிருந்த சிறு பட்டறைகளின் தரைத்தளங்களில் இயந்திரங்களோடு கணினிகளும் மூழ்கின. தரைத்தளக் கடையில் கணினி மேசைக்கடியில் நிற்கிறது, பேக்கப் டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில் இருக்கிறது என்றால், இடுப்பளவு தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாலே வெள்ளத்தை வென்றுவிடலாம். திருட்டையும் தீயையும் வெல்ல அது போதாது. கடைப் பிரதி வீட்டிலும் வீட்டுப் பிரதி கடையிலும் இருப்பது நம் சிறுதொழில்காரர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் வசதி. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் இருந்தால் நல்லது. மாடியில் வீடு, கீழே கடை என்று இருப்பவர்கள் மைத்துனர் வீட்டையோ தங்கை வீட்டையோ பார்க்க வேண்டியதுதான்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் விலையைத் தமிழ்ச் சமூகம் கணினிக்கு முன்பே அறிந்திருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000க்கும் மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் போயின. அச்சிட்ட நூல்களில் பலவற்றுக்கு வேறெங்காவது பிரதி இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளுக்கு அன்றோடு முடிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. எந்த ஒரு கட்டடம் எரிந்தாலும் எல்லாம் போகாது என்ற நிலையை அது ஆவணம் ஆவணமாக உண்டாக்கிவருகிறது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு 3-2-1 என்ற விதியைப் பார்க்கலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில். இதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த ஒளிப்படக்காரர்களுக்காக 2005இல் அவர் எழுதிய கையேட்டின் வழியாக அது பரவியது. கணினி விஞ்ஞானியிடமிருந்து வராமல், படம் தொலைந்தால் வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருவரிடமிருந்து வந்ததால்தான் அது இவ்வளவு எளிதாக இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு வகை ஊடகம் என்று அவர் சொன்ன காலத்தில் டிவிடி இருந்தது. இன்று அந்த நடு எண்ணை வேறு விதமாகப் படிப்பதே பொருத்தம்: ஒன்றாவது எந்த வயரிலும் எந்த வைஃபையிலும் இல்லாமல் துண்டித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். பணயத் தாக்குதல் நிரல்கள் செருகிய டிஸ்க்கையும் பகிர்ந்த ஃபோல்டரையும் தேடித் தேடிப் பூட்டுகின்றன. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் அப்படிப் பூட்டப்பட்டு, வெளிநோயாளி சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். நோயாளிகளின் தகவல் கடைசியில் தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து திரும்பியது.

நடைமுறையில் ஒரு ஸ்டூடியோவையோ ஆடிட்டர் அலுவலகத்தையோ எடுத்துக்கொண்டால் தேவைப்படுவது அதிகமில்லை. ஒரே அளவில் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகள் வேண்டும், முடிந்தால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாதத்தில் வாங்கியவை. ஒரே தொகுப்பில் வந்த டிஸ்க்குகளுக்கு ஒரே குறை இருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றைச் செருகி, பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். திங்களன்று வீட்டிலிருக்கும் மற்றது கடைக்கு வரும். அடுத்த சனி அதன் முறை. எந்த நேரத்திலும் ஒன்று கடைக்கு வெளியே இருக்கும், இரண்டும் ஒரே வயரில் இருக்காது. அன்றாடம் மாறும் சிறிய கோப்புகள், அதாவது டாலி தகவல், எக்செல், பில்கள், கிளவுடுக்குத் தேதியிட்ட பெயரோடு போகட்டும். மாதக் கடைசிப் பிரதியை அழிக்காமல் தனியே வைத்துக்கொண்டால் காலத்துக்கும் பாதுகாப்பு.

வீடியோவை கிளவுடில் ஏற்றும் ஆசை ஸ்டூடியோக்காரர்களுக்கு வரும்போது கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏற்றும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் ஒரு டெராபைட் ஏற நான்கரை நாளுக்கும் மேலாகும், இடையில் இணைப்பு அறுபடாமல் இருந்தால். முகூர்த்த மாதத்தில் அதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். கானா ஊழியர் விமானமேறிய காரணமும் இதுதான். மூல வீடியோவை டிஸ்க்கிலும், எடிட் செய்து முடித்த படத்தை மட்டும் கிளவுடிலும் வைப்பது நியாயமான சமரசம். மூலத்தை எத்தனை மாதம் வைத்திருப்போம் என்று ஆர்டர் எடுக்கும்போதே ரசீதில் எழுதிவிடுவது அதைவிட நியாயம்.

எத்தனை காலம் வைப்பது என்பதில் கணக்குப் புத்தகங்களுக்கு ஊகம் தேவையில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவு, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு எட்டு நிதியாண்டுகள். மின்னணுவில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று முன்பே இருந்தது. குறித்த இடைவெளியில் என்றிருந்ததை 2022 ஆகஸ்டுத் திருத்தம் தினந்தோறும் என்று மாற்றியது. சின்ன பிரைவேட் லிமிடெட்களுக்கும் இது பொருந்தும் என்பதை அவற்றின் டைரக்டர்களே சில நேரம் ஆடிட்டர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பேக்கப் எடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் திரும்ப எடுப்பதைப் பற்றிப் பேசுவதேயில்லை. மென்பொருள் எழுதுபவர்களுக்காகவே இயங்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், தவறான சர்வரில் ஒரு கட்டளையைக் கொடுத்து சுமார் 300 ஜிபி தகவலை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தினசரிப் பிரதி எடுக்கும் நிரல், டேட்டாபேஸின் பதிப்பு 9.6 ஆக இருக்க 9.2க்கான பதிப்பில் ஓடி ஒவ்வொரு நாளும் தோற்றிருந்தது. பிரதி சேரும் இடம் காலி. தோற்றதைச் சொல்லி அது மின்னஞ்சல் அனுப்பத்தான் செய்தது. அந்த அஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஏதோ வேலைக்காகத் தற்செயலாக ஒருவர் எடுத்துவைத்த பிரதிதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதியதால்தான் நமக்கு இது தெரியும். நூற்றுக்கணக்கான அலுவலகங்களில் இதே கதை வெளியே வராமல் நடந்திருக்கும்.

சின்ன அலுவலகத்தில் இதற்குப் பரிகாரம் எளிது, யாரும் செய்வதில்லை என்பதுதான் சங்கடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, டாலி பிரதியை அங்கே திரும்ப ஏற்றி, சென்ற மாத இருப்புநிலை சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஆல்பத்திலிருந்து நாலு படத்தையும் ஒரு வீடியோவையும் கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபோல்டர் தெரிகிறது, பெயர் தெரிகிறது என்பது உள்ளே எல்லாம் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. அதே கணினியில் செய்து பார்த்தால் சோதனை முழுதாகாது. அந்தக் கணினி போன நாளில்தானே பிரதி தேவைப்படும்.

அடுத்தது, டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. வெளியே போகும் டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும், பஸ்ஸில் தொலையலாம். ஆகவே அதைப் பாஸ்வேர்டு போட்டு மறையாக்கம் செய்தே தீர வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் இருக்கிறது, டாலியில் டாலிவால்ட். இரண்டுமே தம் வேலையை ஒழுங்காகச் செய்பவை, அதாவது சாவி தொலைந்தால் உரிமையாளருக்கும் திறக்காது. டாலிவால்ட் பாஸ்வேர்டு மறந்தால் கம்பெனியாலும் மீட்டுத்தர முடியாது. பாஸ்வேர்டு ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் மூன்று பிரதிகளும் அந்த ஒரு உயிரோடு கட்டப்பட்டிருக்கின்றன. முதலாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மனைவியும் மகனும் கணக்குப்பிள்ளையும் ஆளுக்கொரு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும் அவலம் சிறுதொழில் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பேங்க் லாக்கரில் வைக்கலாம். டிஸ்க்கும் சாவித்தாளும் ஒரே பையில் மட்டும் போகக் கூடாது.

தமிழ் அச்சுக்கூடங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. டிஸ்க் நன்றாக இருக்கும், கோப்பு முழுதாக இருக்கும், ஆனால் திறக்காது. தமிழ்நாட்டில் எண்ணற்ற புத்தகங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவானவை. அடோபி அதன் வளர்ச்சியை 2004இல் நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாக வந்த இன்டிசைன், சிஎஸ்6 வரைதான் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. பின்னால் வந்தவை திறப்பதில்லை. போதாததற்கு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பக்கம், அந்த எழுத்துருக் கோப்பு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பழைய கணினியைக் காய்லாங்கடைக்குப் போடும் நாளில், பத்து ஆண்டு உழைப்பைத் திறக்கக்கூடிய கடைசி மென்பொருளும் கடைசி எழுத்துருவும் அதோடு போகின்றன. இங்கே பிரதிகள் எத்தனை இருந்தாலும் அவை அனைத்தும் ஒரே மென்பொருளின் ஆயுளோடு பிணைந்தவை. அந்தக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக மாற்றி, மூலப் பாடத்தை யூனிகோடுக்குக் கொண்டுவந்து வெறும் உரைக்கோப்பாகவும் வைத்து, பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளையும் அதே ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு அரை மணி ஆகலாம், பிழை திருத்த இன்னும் கூடலாம். இருநூறு புத்தகம் போட்ட பதிப்பகத்துக்கு இது ஒரு ஆளுக்குச் சில வார வேலை. மறுபதிப்புக்கு முதலில் கேட்கப்படும் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம்.